கடைசிச் சீட்டில் ஒரு கேள்வி

நேரில் சீட்டாடி நான் வென்றதே இல்லை. முந்நூற்றிநாலு விளையாடும்போது என் கையில் இருப்பதை எதிரில் இருப்பவர் என் முகத்திலேயே வாசித்துவிடுவார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறக்க இன்றும் கூச்சம். டென்மார்க்கில், ஒடென்சேயில் தொழிற்சாலை வேலை முடிந்து மூன்று மணிக்கு வீடு வந்தால், முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மனைவி வர ஆறாகும். அந்த இடைவெளியில் கணினியில் போக்கர் பழகினேன். அங்கே எனக்கு முகம் இல்லை. பெயர் கேட்டது, பசியில் இருந்ததால் ‘கூழ்’ என்று ஆங்கில எழுத்தில் கொடுத்தேன்.

ஒவ்வொருவர் கையிலும் மறைவாக இரண்டு சீட்டு. மேசையில் பொதுவாக முதலில் மூன்று திறக்கும், பிறகு ஒன்று, கடைசியாக இன்னொன்று. ஒவ்வொரு முறையும் பணம் கட்டலாம். கையில் ஒன்றுமில்லாமலே கட்டி மற்றவரை வெருட்டி விலக்கலாம். முதல் மூன்று சீட்டில் அப்படிச் செய்வது யாருக்கும் வரும். எதிராளி விலகாவிட்டால் அந்தப் பொய்யைத் தொடர்வதா, விடுவதா என்பதில்தான் மனிதன் வியர்க்கிறான்.

ஒருநாள் மேசையில் நானும் இன்னொருவரும் மட்டும் மிஞ்சியிருந்தோம். இரண்டு முறை வெறுங்கையோடு கட்டினேன். இரண்டு முறையும் அவர் சமமாகக் கட்டினார். ஐந்தாவது சீட்டு திறந்தது. எனக்கு ஒன்றும் சேரவில்லை. அப்போது திரையின் மூலையில் எழுத்து வந்தது.

“கூழ் எண்டு பாத்தன். தமிழோ அண்ணை?”

“ஓம்.”

“நான் கோல்டிங்கிலை இருக்கிறன். இதிலை தமிழ் ஆளைக் காணுறது இதுதான் முதல்தரம். கூழுக்கு இனி ஒடியல் மா எண்டு ஒருத்தர் வந்தாச் சரி.”

சிரிப்பு வந்தது. இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். அவர் வென்றிருப்பார், அவ்வளவுதான். என் முறைக்கான நேரம் திரையில் குறைந்துகொண்டிருந்தது. மிச்சம் இருந்த முழுவதையும் மேசைக்குத் தள்ளினேன்.

மூலையில் மறுபடி எழுத்து வந்தது. “அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. கையிலை இருக்கோ?”

இந்த விளையாட்டில் பொய் குற்றமில்லை. டேனிஷ்காரன் கேட்டிருந்தால் பதிலே எழுதியிருக்க மாட்டேன். ஆனால் அண்ணை என்று கேட்டவருக்குப் பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

“ஓம் தம்பி. விட்டிடும்.”

“நீங்கள் சொன்னாச் சரி.”

விலகும்போது தன் இரண்டு சீட்டையும் எனக்குத் திறந்து காட்டினார். இரண்டு ராசா, என்னை வெல்லும் கை. நான் என்னுடையதைக் காட்டவில்லை. “சந்தோசம் அண்ணை, போயிட்டு வாறன்” என்று எழுதிவிட்டுப் போனார்.

பிறகு அவர் வரவே இல்லை. மாதக்கணக்கில், பின்னேரங்களில் மேசை மேசையாக அவர் விளையாடிய பெயரைத் தேடினேன். தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும்போதும் அந்த இரண்டு ராசாவும் கண்ணுக்குள் நின்றன.

இந்த வருடம் எங்கள் சபையாரோடு கூட்டு ஆராதனைக்குக் கோல்டிங் போனோம். முப்பது, நாற்பது வயது ஆண்கள் எல்லோரையும் உற்றுப் பார்த்தேன். சாப்பாட்டு வரிசையில் ஒருவர் எனக்குத் தட்டு எடுத்துத் தந்தார். “முதல்ல நீங்கள் போடுங்கோ அண்ணை.”

எப்படி வாய் திறந்தேனோ தெரியாது. “தம்பி, நீர் கொம்பியூட்டரிலை சீட்டு விளையாடுவீரோ?”

அவர் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சிரித்தார். “சபைக்குள்ளை கேக்கிற கேள்வியே இது? பாஸ்டருக்குக் கேட்டால் எனக்கு மூண்டு நாள் உபவாசம். ஏன் அண்ணை?”

“இஞ்ச கோல்டிங்கிலை இருக்கிற தம்பி ஒருத்தருக்கு அதிலை பொய் சொல்லிப்போட்டன். அவர் நம்பிட்டார்.”

அவர் சிரிப்பு நின்றது. “அப்ப அவரிட்டையே சொல்லுங்கோவன்.”

“ஆரெண்டு தெரியாது. தெரிஞ்சால் இண்டைக்கே சொல்லிப்போடுவன்.”

“அந்த மனம் இருக்கே, அதுவே போதும் அண்ணை” என்று என் தோளைத் தொட்டார்.

தெரிந்திருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். தட்டோடு அவர் முன்னால் நின்றபோதே அது எனக்குத் தெரியும். அவரும் நம்பிவிட்டார்.