நாலு நாள் பேச்சு

மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்தது அந்தச் சலவைக்கூடம். துவைத்த துணியை உலர்த்தித் தேய்த்துத் தரும், நான்கு ஆள் நீளத்துக்கு ஒரு இரும்பு உருளை, நாள் முழுவதும் கொதித்துக்கொண்டே இருக்கும். ஈரப் படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையைப் பக்கத்தில் நிற்பவள் பிடிக்க, இருவரும் ஒரே சமயத்தில் அதன் வாயில் கொடுக்க வேண்டும். கை ஒரு நொடி பிந்தினால் விரிப்பு கோணிக்கொள்ளும். அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. 'இழு', 'மடி', 'சூடு', 'நாளைக்கு' என்று கத்திச் சொல்லக்கூடிய சொற்கள் மட்டும்தான் அங்கே நடமாடும். பதினான்கு வருடத்தில் அந்த நாட்டு மொழியில் அவள் கற்றதில் பாதி அந்தச் சொற்கள்தான். கூட வேலை செய்தவர்கள் அவளுக்கு 'ஊமை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் கேலியைவிடப் பரிவுதான் அதிகம்.

பிறந்த வீட்டில் அவளுக்கு இருந்த பட்டப்பெயர் 'ரேடியோ' என்று சொன்னால் அந்தச் சலவைக்கூடமே சிரித்திருக்கும்.

கணவனும் வாயில்லாப் பூச்சி இல்லை. சொந்த ஊரில் துணிக்கடையில் விற்பனையாளராக இருந்தவன். கைக்குட்டை வாங்க வந்தவரைப் பேசிப் பேசியே கல்யாண ஜவுளி எடுக்க வைத்து அனுப்புகிறவன். அப்படிப்பட்டவன் மனைவியையும் ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்த முதல் வருடம், ஒரு அரசாங்க அலுவலகத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் படிவத்தை வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே இருந்த அம்மாள் கேட்டதற்கு இவனுக்குப் பதில் வரவில்லை.  அந்த அம்மாள் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, குனிந்து குழந்தையிடம் கேட்டாள். பாலர் பள்ளிக்கு ஆறு மாதம் போயிருந்த குழந்தை டக்டக்கென்று பதில் சொன்னது. அப்புறம் அந்த அம்மாள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தைக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அவனுக்கு விரலால் காட்டினாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அவன் சொல்லிவிட்டான்.

"இன்னிலேருந்து இந்த வீட்டுல தமிழ் கிடையாது."

"என்னங்க, விளையாடறீங்களா?"

"விளையாட்டு இல்ல. நாம மூணு பேரும் இந்த ஊர் பாஷைதான் பேசணும். யார் வாயில தமிழ் வருதோ, அன்னிக்கு அவங்க பாத்திரம் கழுவணும்."

"எப்படியும் நான்தானே கழுவறேன்" என்றாள் அவள். அதுவே தமிழில் சொன்னதால் அன்றைக்கும் அவள்தான் கழுவினாள்.

மகள் பள்ளியில் சேரும் வரைக்கும்தான் என்றான். சேர்ந்த பிறகு, அவள் நன்றாகப் படிக்கும் வரைக்கும் என்றான். அவனுக்கு மொழி வந்தது. பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவிக்கொண்டிருந்தவன், உதிரிப் பாகங்கள் கொடுக்கும் கிடங்குக்கு மாறினான். மகளுக்குத் தண்ணீர் பட்ட பாடாக வந்தது, வந்த வேகத்தில் தமிழ் மறந்தும் போனது. அம்மாவுக்கு மட்டும் அந்த மொழி வரவில்லை. இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வதற்குள் மூன்று தப்பு. அப்பாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் திருத்துவார்கள். திருத்தத் திருத்த அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். படுக்கையில்கூட அவன் அந்த மொழியில்தான் பேசுவான். அவள் உம் கொட்டுவாள். ஒரு வீட்டில் மூன்று பேர் இருந்து இரண்டு குரல் மட்டும் கேட்டால், மூன்றாவது ஆள் என்ன ஆவாள்? மேசை நாற்காலியோடு சேர்ந்து அவளும் ஒரு சாமான் ஆனாள்.

மகளுக்குப் பத்தொன்பது வயது ஆனபோது அது நடந்தது.

கல்லூரித் தோழிகள் நான்கு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவனுக்குப் பழைய துணிக்கடைக் குஷி வந்துவிட்டது. அவர்கள் நடுவே போய் உட்கார்ந்து, அந்த நாட்டு மொழியில் ஒரு வேடிக்கைக் கதை சொன்னான். அவர்கள் சிரித்தார்கள். கதைக்குச் சிரிக்கவில்லை, அவன் உச்சரிப்புக்குச் சிரித்தார்கள். அவன் அதைக் கவனிக்காமல் இரண்டாவது கதைக்குப் போனான். மகளின் முகம் சிவந்துபோனது.

தோழிகள் போனபிறகு மகள் அப்பாவிடம் சொன்னாள். அவள் பேசியது அந்த நாட்டு மொழி. நம் பேச்சில் சொன்னால் இப்படித்தான் வரும்.

"இனிமே என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி பேசாதீங்கப்பா. நீங்க வாயைத் திறந்தாலே எனக்கு அவமானமா இருக்கு."

அவன் காலி தம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். மறுநாள் காலை பத்து மணிக்குப் பணிமனைக் கிடங்கில், ஏணியின் மூன்றாவது படியில் இருந்து விழுந்தான். விழுந்ததால் நோய் வரவில்லை. மூளையில் ரத்தம் அடைத்ததால் விழுந்தான் என்றார்கள் டாக்டர்கள். மகளுக்கு அந்த வித்தியாசம் காதில் ஏறவே இல்லை. தன் நாக்குதான் அப்பாவைத் தள்ளிவிட்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அவள் வேலை செய்த அதே மருத்துவமனையில்தான் அவனைச் சேர்த்தார்கள். வலது கை விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சுப் பயிற்சி தருகிற பெண் வந்து, படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். சாவிப் படத்தைக் காட்டியதும் அவன் "சாவி" என்றான். குடைக்குக் "கொடை" என்றான். அந்தப் பெண் தன் தாளில் வரிசையாகப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனாள். மகள் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். மூலையில் நின்ற அவள்தான், சலவைக்கூடத்து உடையோடு மாடி ஏறி வந்தவள், கையை உயர்த்தினாள்.

"தப்பு இல்லை" என்றாள் அந்த மொழியில். "அவர் சரி. எல்லாம் சரி. எங்க பேச்சு."

இப்படிச் சிலருக்கு நடப்பதுண்டு என்று அந்தப் பெண் மகளுக்கு விளக்கினாள். பின்னால் கற்ற மொழி அழிந்துபோகும், முதலில் கற்றது தங்கும். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். மகள் அப்பாவின் அருகில் போய், தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் ஏதோ சொன்னாள். அவன் மிரண்டுபோய் அவள் வாயையே பார்த்தான். தூரத்தில் யாரோ கத்துவதைக் கேட்பதுபோல் பார்த்தான். மகள் மொழிபெயர்க்கிற கைப்பேசியை அவன் வாயருகே நீட்டினாள். அவன் குழறலைக் கேட்டு அந்தக் கருவி ஏதோ ஒரு ஊருக்கு ரயில் புறப்படும் நேரத்தைச் சொன்னது. அவன் இடது கையால் அதைத் தள்ளிவிட்டான்.

ஒற்றைச் சொற்களைத் தாண்டிப் பேச்சு வராத நிலையிலேயே மூன்றாவது வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். கட்டிலை ஜன்னல் ஓரம் போட்டார்கள்.

அன்றைக்கு மத்தியானம் அவன் அவளைக் கூப்பிட்டான். மகள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரத் தைரியம் இல்லாமல், போகவும் மனம் இல்லாமல்.

"பாப்பாகிட்ட சொல்லு" என்றான். ஒவ்வொரு சொல்லாக வந்தது, கிணற்றில் இருந்து வாளி ஏறுவதுபோல. "அவ சொன்னதுல தப்பு இல்ல. அப்பன் பேச்சே தெரியாம அவள வளத்தது நான்தான். பாப்பா அழக் கூடாது."

"அப்பா என்ன சொல்றாரு?" என்று மகள் கேட்டாள்.  "என்மேல கோபமா?"

அந்த ஒரு கணத்தை நினைத்து அம்மா பின்னால் எத்தனை அழுதாலும் தீராது. 'கோபம்' என்ற சொல் அவளுக்கு அந்த மொழியில் தெரியும். 'இல்லை' என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்தால் போதும்.

ஆனால் பதினான்கு வருடத்துக்குப் பிறகு, அவன் வாயில் இருந்து அவளை நோக்கி வந்த தமிழ் அது. காது வழியாக நுழைந்து நெஞ்செல்லாம் பரவிக்கொண்டிருந்தது. அதை அப்படியே எடுத்து வாசலில் நிற்கிறவளுக்குக் கொடுத்துவிட அவளுக்குக் கை வரவில்லை. இத்தனை வருடம் இவர்கள் இரண்டு பேரும் என் தலைக்கு மேலேதானே பேசிக்கொண்டார்கள் என்று உள்ளே ஏதோ ஒன்று முனகியது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு நாளில் என்ன வந்துவிடும்?

"தண்ணி" என்றாள், அந்த நாட்டு மொழியில். "தண்ணி கேக்கறாரு."

மகள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் அதைக் குடித்துவிட்டு மகளைப் பார்த்துக் கோணல் வாயால் சிரித்தான். சொன்னது சேர்ந்துவிட்டது என்று நினைத்த சிரிப்பு. தாகம் தீர்ந்த சிரிப்பு என்று மகள் நினைத்தாள். தம்ளரை வாங்கிக்கொண்டு தலை குனிந்து வெளியே போனாள்.

"சொன்னியா?"

"சொன்னேங்க."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. சின்னப் பொண்ணுதானே."

இரண்டு பொய், இரண்டு பக்கம். அதன் பிறகு அவள் வாழ்ந்தாள், நாலு நாள்.

அவன் பேசினான். குழறினாலும் பேசினான். அவள் அவனுக்கு மேல் பேசினாள். துணிக்கடை முதலாளியின் மூக்கைப் பற்றிப் பேசினார்கள். அவன் பெண் பார்க்க வந்த அன்றைக்குச் சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்ததைப் பேசினார்கள்.

"உப்பு இல்ல" என்பான், சாப்பாட்டை வாயில் வைத்ததும்.

"டாக்டர் சொல்லியிருக்காரு."

"டாக்டரா சாப்பிடப் போறாரு?"

"பேச்சு மட்டும் குறையல உங்களுக்கு."

"உனக்குத்தான் குறையல. பதினாலு வருஷம் எங்க வெச்சிருந்த இதையெல்லாம்?"

"வாயை யாரு தெச்சது?"

 "துணிக்கடைக்காரன்தான்" என்றான் அவன். "நல்லாத் தெச்சுட்டேன்."

அவள் அவன் நெற்றியில் கை வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷமாகத்தான் அழுதாள். இந்த வீட்டுக்கு வந்த நாளாக அவள் அத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை. வாசலில் மகளின் நிழல் வரும், நிற்கும், போகும். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டால் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். ஒருமுறை மகள் கேட்டாள், "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாராம்மா?" என்று. அவள் "தூங்கப் போறாரு" என்றாள். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்வோம் என்றுதான் நினைத்தாள். தள்ளிப்போடப் போட, ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போனது. அந்தக் கேள்வி வந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்து வாயைப் பூட்டியது.

ஐந்தாம் நாள் காலை மகள் தேர்வு எழுதப் போயிருந்தாள். அவன் பல் தேய்த்துவிடச் சொன்னான். அவள் பிரஷ்ஷில் பசையைப் பிதுக்கிக்கொண்டு திரும்பினாள். அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தான். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அவளிடம் என்னென்னவோ கேட்டார்கள். 'சூடு', 'இழு', 'மடி'. அந்த நேரத்தில் அவளுக்கு நினைவு வந்த சொற்கள் அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்து பத்தாவது நாள். மகள் அப்பாவின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். வைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

"என்னை மன்னிக்காமலே போயிட்டாரு. கடைசியா எங்கிட்ட கேட்டது ஒரு தம்ளர் தண்ணி."

மகளின் எதிரே போய் அவள் தரையில் உட்கார்ந்தாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். விஷயம் தெரிந்தவர் யாரும் இல்லை, காட்டிக்கொடுக்க ஆள் இல்லை. ஆனால் சட்டைக் கழுத்தைத் தடவுகிற அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு அவளால் இருக்க முடியவில்லை.

"கோபம் இல்லை" என்றாள். "அப்பா சொன்னாரு. உன்மேல கோபம் இல்லை."

"இப்ப எதுக்கும்மா? எனக்காகச் சும்மா சொல்றே."

"சும்மா இல்லை."

"அப்ப அன்னிக்கு ஏன் தண்ணின்னு சொன்னே?"

அவளிடம் பதில் இருந்தது, முழுசாக இருந்தது, ஆனால் தமிழில் இருந்தது. அந்த நாட்டு மொழியில் அதைத் துண்டு துண்டாகத்தான் எடுத்து வைக்க முடிந்தது.

"அப்பா எங்கிட்ட பேசினாரு. ரொம்ப வருஷம் கழிச்சு. நான் வெச்சுக்கிட்டேன். உனக்குக் கொடுக்கல. நாளைக்கு, நாளைக்கு... அப்புறம் நாளைக்கு இல்லை."

மகளின் கை சட்டை மேலேயே நின்றது. முகத்தில் கோபம் வந்தது, அது நெடுநேரம் போகவில்லை.

"நாலு நாள்" என்றாள். "நாலு நாள் நான் அந்த வாசல்ல நின்னேன்."

"ஆமாம்."

"நீங்க ரெண்டு பேரும் உள்ள சிரிச்சுட்டு இருந்தீங்க."

"ஆமாம்."

அவள் அடியை எதிர்பார்த்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். மகள் எழுந்து கதவு வரை போனாள். திறக்காமல், கதவைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அவர் எப்படிச் சொன்னாரோ, அப்படியே சொல்லு. அவர் பாஷையிலேயே."

அவள் சொன்னாள். ஒரு சொல் மாற்றாமல், அவன் நிறுத்திய இடங்களில் நிறுத்திச் சொன்னாள். மகளுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. ஆனால் சிறு வயதில் தன்னைக் கூப்பிட்ட ஒரு சொல்லுக்கு மட்டும் தலை லேசாகத் திரும்பியது.

"அதுல ரெண்டு தடவை பாப்பான்னு வந்துது."

"ஆமாம்."

"மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னாள். மூன்றாம் முறையும் மகள் கேட்டாள், அவள் சொன்னாள். நான்காம் முறை சொல்லும்போது குரல் பாதியில் நின்றது. மகள் அருகில் வரவில்லை. கையைப் பிடிக்கவில்லை. கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, மீதிக்காகக் காத்து நின்றாள்.