கரியில் தெளிந்த தண்ணீர்

மேடத்தின் விரல் நகங்களில் எப்போதும் கரி அப்பியிருக்கும். திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் அவர் வேதியியல் ஆசிரியை. நான் அவருடைய ஆய்வக உதவியாளன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலையின் தோலை இரும்பு டிரம்மில் அடைத்து, மூடியைச் சேற்றால் பூசி, காற்றுப் புகாமல் சுட்டெடுப்பார். "சும்மா எரிச்சா புகையா போயிடும்ப்பா. மூடி வெச்சு சுட்டா கரியாவே நிக்கும், அழுக்கையும் இழுத்துக்கும்" என்பார். இன்று பெரிய பெரிய அரங்குகளில் அதையே பயோசார் என்கிறார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் எங்களைப் பார்த்தவர்களோ, இவர்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். அந்தக் கிறுக்கு எனக்கும் நன்றாகவே தொற்றியிருந்தது.

அடி அண்ணாமலையில் லுங்கி நூலுக்குச் சாயம் போடும் பாய் ஒருவர் இருந்தார். அவருடைய பட்டறைத் தண்ணீர் மண்ணில் இறங்கி, பக்கத்து நிலத்துக்காரரின் கிணறு சிவந்துபோனது. பட்டறையை மூடச் சொல்லி நிலத்துக்காரர் பஞ்சாயத்தில் மனுக் கொடுத்துவிட்டார். எங்கள் கரி சாயத்தைப் பிடித்துக் காட்டினால் பட்டறை பிழைக்கும். இல்லையென்றால் மறுநாளே பூட்டு. ஒரு நாள் சாயங்காலம் பஞ்சாயத்துத் தலைவர் நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்று பௌர்ணமி என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

கழுவிய கரியைக் காயவைக்க அகலமான பாத்திரம் தேவைப்பட்டது. மேடம் கொஞ்சமும் கூசாமல் அந்த நிலத்துக்காரர் வீட்டிலேயே பித்தளைத் தாம்பாளம் கேட்டு வாங்கினார். நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து, கிரிவலப் பாதையோரம் ஒரு கல்லின்மேல் வைத்தார். சாப்பிட்டுவிட்டு வந்தால் தாம்பாளம் காலி. நடுவில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது, சுற்றிலும் சாமந்திப்பூ. மலைமேல் ஏற்றும் கார்த்திகை தீபத்தின் மைப் பிரசாதம் என்று நினைத்து, மலை சுற்ற வந்தவர்கள் ஆளுக்கொரு சிட்டிகை நெற்றியில் இட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்! பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவர்மேல் கோபமே வந்தது.

"டிரம்மைச் சுரண்டுப்பா" என்றார். அடியில் ஒட்டியிருந்ததில் ஒரு கைப்பிடி தேறியது. கழுவ நேரமில்லை. ஓட்டைப் பானையில் துணியும் மணலும் போட்டு, அதன்மேல் கரியைப் பரப்பினோம். தலைவர் முன்னால் சிவப்புத் தண்ணீரை ஊற்றினோம். கறுப்பாக ஒழுகியது.

"இதுக்கு அந்த செவப்பே தேவல, டீச்சரம்மா" என்றார் நிலத்துக்காரர்.

"கொஞ்சம் பொறுங்க. கரித்தூள்தான் மொதல்ல வருது" என்று மேடம் இன்னொரு சொம்பு ஊற்றினார். கறுப்பு வெளுத்தது. அதற்கடுத்த சொம்புக்கு, நிறமே இல்லாமல் சொட்டத் தொடங்கியது. நான் கத்தியேவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

நிலத்துக்காரர் தோளிலிருந்த வெள்ளைத் துண்டின் முனையை அதில் நனைத்துப் பிழிந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது.

"பாய், எங்க வூட்டு மல்லாட்டைத் தோலு மொத்தமும் உங்களுக்குத்தான். ஆனா கரியில எறங்காம ஒரு சொம்பு தண்ணிகூட என் நெலத்துப் பக்கம் வரக்கூடாது" என்றார். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, தான் கொடுத்த மனுவைத் திருப்பிக் கேட்டார்.