இரட்டை முடிச்சுப் பூப்பொட்டலம்

மாரியாத்தாளின் பிள்ளைகளே, முதலில் என் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். பெருமை பின்னால் வரும்.

1985. மலேசியாவில், ஈப்போவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. சாப்பாட்டு மணி அடித்ததும் கேண்டீன் மேசைக்கு அடியில் புகுந்து காதைப் பொத்திக்கொண்டேன். அது மூன்றாவது முறை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண், மேசைக்கு அடியில். "தோட்டத்துப் பேயையும் கூட்டிட்டு வந்துட்டா லா" என்று விடுதியில் சிரித்தார்கள். பேய் குடியேற என் மண்டையில் காலியிடம் எங்கே இருந்தது?

நூலகத்தில் குழந்தைகள் மனநலம் பற்றி ஒரு புத்தகம். அதில் ஆட்டிசம் என்று நான்கு பக்கம். யாரோ என்னைக் கேட்காமலே என்னை எழுதியிருந்தார்கள். கல்லூரி டாக்டரிடம் ஓடினேன்.

"அது பேசாத சின்னப் பிள்ளைங்களுக்கு உள்ளதும்மா. நீதான் நிறுத்தாம பேசுறியே" என்று வைட்டமின் மாத்திரை கொடுத்தார்.

கோலாலம்பூரில் இதையே படித்த பெண் டாக்டர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்து கெஞ்சினேன். அப்பா கங்காணி. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து ஒரு கூட்டத்தையே அதட்டி வேலைக்கு அனுப்புகிறவர், என் விஷயத்தில் முடிவெடுக்கப் பயந்தார். கம்போங் ராஜாவில் காய்கறி லோரி ஓட்டும் மாமன் மகனுக்கு என்னைப் பெண் கேட்டும் வந்திருந்தார்கள். நல்ல மனிதர்தான். அந்த லோரி ஹார்னோடு என்னால் குடித்தனம் நடத்த முடியாது, அவ்வளவுதான்.

"ஆத்தாகிட்ட பூக் கேட்டுடுவோம்" என்றார் அப்பா. வெள்ளை வந்தால் டாக்டர். சிவப்பு வந்தால் படிப்பை நிறுத்திக் கல்யாணம்.

மூன்று நாள் அழுதேன். 'ஆத்தா, என்னை மத்தவங்க மாதிரி ஆக்க வேண்டாம். நான் என்னன்னு மட்டும் சொல்லிடு.' வேறு எதையும் வேண்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, தோட்டத்து மாரியம்மன் கோயில். பூசாரி மாமா திரைக்குப் பின்னால் இரண்டு பூவையும் தனித்தனி இலையில் மடித்து, நூல் கட்டி, குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

இரண்டு முடிச்சுப் போட்ட பொட்டலம். வெள்ளை.

பிரிக்கும் முன்பே எனக்குத் தெரியும். பூசாரி மாமா வெள்ளையை நிதானமாகக் கட்டுவார், இரண்டு முடிச்சு. சிவப்புக்கு அவசரமாக ஒன்று. சின்ன வயதிலிருந்து, பிரிக்கும்போதெல்லாம் பார்த்தது. ஊருக்கே தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜெயித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். எனக்கு அந்த வித்தை மட்டும் வராது.

"அம்மா, அது வெள்ளை. ரெண்டு முடிச்சு. எனக்குப் பாத்தாலே தெரியுது, கண்ணை மூடித் தொட்டாலும் தெரியும். இது ஆத்தாவைக் கேட்டதா ஆகாது."

பிரித்தார்கள். வெள்ளை. ஒற்றை முடிச்சில் சிவப்பு. பூசாரி மாமாவின் முகம் வெளுத்தது.

"இத்தனை வருஷமா கட்டுறேன், எனக்கே தெரியாதே! ஏம்மா, நீ கேட்டதுதானே வந்துச்சு? பேசாம இருந்தா என்ன?"

"முடியல மாமா."

"சரி கங்காணி, மறுபடி கட்டுறேன்."

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் பூசாரி. ஊரே கும்பிட்டு நிக்கிற இடத்துல இவ முடிச்சை எண்ணியிருக்கா. எண்ணினதை மறைக்கவும் தெரியல. இது பேயுமில்ல, திமிருமில்ல. டாக்டரம்மா பாக்கட்டும். ஆத்தா பதில் சொல்லிட்டா."

கோலாலம்பூரில் டாக்டரம்மா ஒரு பகல் முழுக்கக் கேட்டார். "பெரியவங்களுக்குன்னு தனிக் கேள்விகள் என்கிட்ட இல்ல. சின்னப் பிள்ளைங்களுக்கு உள்ளதைத்தான் கேக்கணும்" என்றார். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது நான் தேயிலை விதைகளை வரிசை கட்டியதையும், வரிசை கலைந்தால் மலையே கேட்க அழுததையும் அம்மா சொன்னாள். குறையாகச் சொல்லாமல் அம்மா என்னைப் பற்றிப் பேசியது அன்றுதான்.

டாக்டரம்மா கொடுத்த கடிதத்தில் அந்தச் சொல் இருந்தது. ஆட்டிசம். மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து பஸ் மலையேறி முடியும்வரை அதையே படித்துக்கொண்டு வந்தேன். எதுவும் குணமாகவில்லை. பெயர் கிடைத்தது. கல்லூரி என்னைத் தனி அறையில் சாப்பிடவும் பரீட்சை எழுதவும் விட்டது. படித்து முடித்தேன். இன்று நூலகத்தில் வேலை. சத்தமில்லாத இடத்தில் உட்காரச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

போன ஆடியில் கோயிலுக்குப் போயிருந்தேன். பூசாரி மாமாவின் மகன் பொட்டலம் கட்டினார். இரண்டுக்கும் இரண்டு முடிச்சு, அவர் அப்பாவின் கட்டளையாம். அந்தக் கோயிலுக்கு நான் செய்த திருப்பணி அது ஒன்றுதான். வெட்கமில்லாமல் பெருமைப்படுகிறேன்.

குழம்பி நிற்பவர்களே, ஆத்தாளிடம் கேளுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேளுங்கள். தைரியமாகப் பொட்டலத்தை எடுங்கள். முடிச்சு சரியாக இருக்கிறது, நானே பார்த்துவிட்டேன்.