துடைக்காமல் விட்ட தரை

சுத்தமான இடத்தில் சாவு நுழையாது என்று நம்புகிறவரா நீங்கள்? அப்படியானால் அந்தப் பிரசவ வார்டைப் பார்த்திருக்க வேண்டும். தரையில் முகம் தெரியும். கட்டில் விரிப்பு கொக்குச் சிறகு மாதிரி இருக்கும். மருந்து நெடியையும் மீறிச் சோப்பு வாசனை அடிக்கும். பிள்ளை பெற வந்த பெண்கள் அங்கேதான் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பளபளப்பு முழுவதும் ஒருத்தியின் கைவேலை. வார்டு ஆயா. பளிச்சம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்கும். அது யாருக்கும் தேவைப்படவில்லை. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு துடைப்பத்தைப் பிடித்தவள், அதை வைத்தே மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். முதல் சொட்டு ரத்தம் இரண்டாவது சொட்டின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவள் கட்சி.

அந்தக் கட்சிக்குத் தலைவர் பெரிய டாக்டர். காலையில் சுற்றி வரும்போது விரிப்பில் கறை கண்டால் போதும். "இது ஆஸ்பத்திரியா, கசாப்புக் கடையா?" என்பார். அவர் மூத்த நர்ஸ் மேல் பாய்வார், நர்ஸ் ஆயா மேல் பாய்வாள், ஆயாவுக்குப் பாய யாரும் இல்லாததால் தரையைத் தேய்ப்பாள். ஆக, வார்டு ஒரு வித்தையைத் தானாகவே கற்றுக்கொண்டது. தாழ்வாரத்தில் அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்பதற்குள், ஊறிய துணிகளைச் சுருட்டி வாளியில் போட்டு, புதிது விரித்துவிடுவார்கள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போட்டதில்லை. பயம் கற்றுக்கொடுத்த பாடத்துக்கு உத்தரவு எதற்கு?

தையல்காரி வந்தது அந்த நாட்களில்தான். சொந்தமாகச் சின்னத் தையல் கடை வைத்திருந்தவள், சரியான வாயாடி. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் ஆயாவின் ரவிக்கைக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, யாரு இதத் தச்சது? சண்டை போட்டுக்கிட்டே தச்ச மாதிரி இருக்கு. நான் எந்திரிச்சதும் கொண்டாங்க, பிரிச்சுத் தச்சுத் தரேன்."

பெண் குழந்தை பிறந்தது. அம்மாவைப் போலவே வாய். அதன் பிறகு ரத்தம் கசிய ஆரம்பித்தது. பீறிடவில்லை, சத்தம் போடாமல், விடாமல் வந்தது. ஆயா துணியை மாற்றினாள். நனைந்தது. மறுபடி மாற்றினாள். பூட்ஸ் சத்தம் கேட்டதும் நல்ல வெள்ளை விரிப்பாகப் பார்த்துப் போட்டாள். பெரிய டாக்டர் போர்வையைத் தூக்கிப் பார்த்தார், வெள்ளையைத்தான் பார்த்தார், "எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"குளிருதுக்கா," என்றாள் தையல்காரி.

ஆயா இன்னொரு போர்வை கொண்டுவந்து போர்த்தினாள். அது போர்வையில் அடங்குகிற குளிர் இல்லை. மதியத்துக்குள் அவள் போய்விட்டாள். வெளியே நின்ற புருஷனிடம் விதி என்று சொன்னார்கள். விசாரணைக்குப் பயந்தவர்கள் கண்டுபிடித்த சொல் அது.

அதற்குப் பிறகுதான் ஆயாவுக்கு அந்தக் குரல் கேட்கத் தொடங்கியது. குழாய்த் தண்ணீர் கையில் பட்டால் கேட்கும். ஈரத்துணியைப் பிழிந்தால் கேட்கும். வெயிலில் காயப்போட்ட விரிப்பு காற்றில் படபடத்தால், அதற்குப் பின்னாலிருந்து, "குளிருதுக்கா." மந்திரித்துவிட்டால் சரியாகிவிடும் என்றாள் மகள். செத்தவர்கள் பேச மாட்டார்கள். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அதற்காக ஆயாவின் காதைப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். அவளைக் குடைந்தது, தனக்குள் அவள் கேட்டுக்கொண்டே இருந்த வேறு கேள்வி: நான் அவளுக்கு என்ன கெடுதல் செய்தேன்? ஏன் என்னைக் கூப்பிடுகிறாள்?

பதில் ஒரு ஆராய்ச்சிக் குழுவோடு வந்தது. பிரசவத்துக்குப் பின் ரத்தம் போய்ச் சாகிறவர்களை எப்படிக் காப்பாற்றலாம் என்று பார்க்க வந்தவர்கள். அவர்களில் ஒரு இளம் டாக்டரம்மா, ஒரு பிற்பகலில் சிவப்புச் சாயத் தண்ணீரைத் துணிகளிலும் விரிப்பிலும் ஊற்றி வைத்து, எவ்வளவு இருக்கும் என்று ஆளாளுக்குச் சொல்லச் சொன்னார். நர்ஸ் சொன்னாள். பெரிய டாக்டர் குழம்புக்கு உப்புப் பார்ப்பவர் போல ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். ஊற்றிய அளவைக் காட்டியபோது, யார் சொன்னதும் அதில் பாதிகூட இல்லை. பெரிய டாக்டருக்கு அவசரமாகப் போன் வந்தது.

ஆயா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் துணியெல்லாம் எடுத்துட்டா, டாக்டருக்கு எவ்வளவும்மா தெரியும்?"

"ஒண்ணுமே தெரியாதும்மா."

ஆயா எழுந்து போய்ச் சலவைக் கொட்டகைப் படியில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா பின்னாலேயே வந்தார். கறையைப் பார்த்தால் திட்டுகிற இடத்தில் கறை மறையத்தான் செய்யும், தப்பு உங்களுடையது மட்டும் இல்லை என்றார். அது உண்மை. ஆனால் உண்மையால் எல்லாவற்றையும் ஆற்றிவிட முடியாது.

"திட்டுனவருக்கும் காது இருக்கு," என்றாள் ஆயா. "எனக்குத்தானேம்மா கேக்குது."

புது முறை வந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் நுனியில் கோடு போட்ட பை. ரத்தம் பையில் விழும். கோட்டைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. ஒவ்வொன்றாகச் செய்து பார்க்காமல் எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். நர்ஸ் பார்க்கும்வரை எதையும் எடுக்கவோ துடைக்கவோ கூடாது.

சொல்வது சுலபம். ஒரு காலையில் செங்கல் சூளையில் வேலை செய்யும் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை பிறந்ததும் ரத்தம் பையில் இறங்கியது, தரையிலும் தெறித்தது. நர்ஸ் பக்கத்துக் கட்டிலில் இன்னொரு பிரசவத்தை அப்போதுதான் முடித்திருந்தாள். தாழ்வாரத்தில் பூட்ஸ் சத்தம். கூடவே பார்வையிட வந்த அதிகாரிகள்.

"ஆயாம்மா, வந்துட்டாங்க. எல்லாத்தையும் எடுத்துடுங்க, சீக்கிரம்," என்றாள் நர்ஸ்.

ஆயாவின் கை தானாகத் துணிக்குப் போனது. பாதி ஆயுள் பழகிய கை. ஈரம் விரலில் பட்டது. குரல் கேட்டது. அவள் துணியைப் போட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எடுக்க மாட்டேன். நீ வந்து பையைப் பாரு, கண்ணு."

பெரிய டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன கண்றாவி இது? யாரு இங்க சுத்தம் பண்றது?"

"நான்தாங்கய்யா. தொடைக்கல."

அவர் வாய் திறப்பதற்குள் நர்ஸ் குனிந்து பையைப் பார்த்தாள். "சார், கோட்டைத் தாண்டிடுச்சு."

இதற்கு மேல் கத்த நேரமில்லை. ஊசி, டிரிப்ஸ், வயிற்றைப் பிடித்துவிடும் கை என்று எல்லாம் ஒரே மூச்சில் நடந்தன. சாயங்காலம் அந்தப் பெண் பசிக்கிறது என்று சண்டை பிடித்தாள்.

ஆயாவை யாரும் பாராட்டவில்லை. தரை அழுக்காக இருந்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. படித்தவர்கள் எழுதியதற்குப் படித்தவர்களே பதில் எழுதட்டும் என்று நர்ஸிடம் நீட்டிவிட்டாள். குரல் நின்றதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை. ஒருத்தி பிழைத்ததால் இன்னொருத்தி திரும்பி வருவாளா? குரல் கேட்டால் இப்போது அவள் போர்வை தேடுவதில்லை; பையைப் பார்க்கப் போகிறாள், அவ்வளவுதான்.

அந்தப் பையும் இப்போது இல்லை. ஆராய்ச்சி முடிந்தது, சாவு குறைந்தது என்று எழுதிக்கொண்டு குழு கிளம்பிவிட்டது. மிச்சமிருந்த பைகள் தீர்ந்தன. கேட்டால், மேலிருந்து இன்னும் அனுமதி வரவில்லையாம். தாழ்வாரத்துக்குப் புது வர்ணம் அடிக்க மட்டும் அனுமதி வந்துவிட்டது. பூட்ஸ் சத்தம் கேட்டால் யாரோ ஒரு கை மறுபடி துணியைச் சுருட்டுகிறது. ஆயா ஒருத்தி எத்தனை கட்டிலுக்குக் காவல் நிற்பாள்?

ஆகவே நீங்கள் போங்கள். உங்கள் மகள், தங்கை, மருமகள், பக்கத்து வீட்டுப் பெண், யாருக்குப் பிரசவம் என்றாலும் சரி, முன்கூட்டியே அவள் சேரப்போகும் வார்டுக்குப் போய், "போற ரத்தத்த எதுல அளக்குறீங்க, காட்டுங்க," என்று கேளுங்கள். காட்டும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.