நவமணி நிமிர்த்திய விண்கப்பல்

என் தங்கை நவமணி பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரில் ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறாள். ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவள். நான் ஆறாம் வகுப்போடு செம்பனை எண்ணெய் ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டேன். அளவில் என்னை ஏமாற்ற முடியாது என்று சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

1986-இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வந்த விண்கப்பல் அவளைப் பிடித்துக்கொண்டது. அது யாரோ செய்த பொம்மைதான். அதற்கு வரைபடம் எங்கும் கிடையாது. துல்லியமாக வரைந்து அனுப்புபவரின் படத்தைப் பார்த்து அந்தக் கப்பலைச் செய்து காட்சிக்கு வைப்பதாகக் கோலாலம்பூரில் ஒரு கழகம் அறிவித்தது. நவமணி அந்த மாதம் முழுக்க வேறு பேச்சே பேசவில்லை.

வீடியோவை நிறுத்தி நிறுத்தி, புகைப்படக் கடை கிஃபாயத்துல்லாவை வீட்டுக்கு அழைத்துத் திரையைப் படம் எடுக்க வைத்தாள். திரைக் கண்ணாடி புடைத்திருந்ததால் கப்பலின் ஓர் இறக்கை வாழைப்பழம் மாதிரி வளைந்து வந்தது. கடைசியாகக் கட்டம் போட்ட தாளைத் திரைமேல் ஒட்டி, கேமராவை நகர்த்தாமல் அதையும் எடுக்கச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாததா!

படங்களை வாங்கப் போனவன் நான்தான்.

"என்னா பாய், கட்டமெல்லாம் தொப்பை போட்டிருக்கு? கேமராவை இடுப்புல வச்சு எடுத்தீங்களா?"

"தங்கச்சி கேட்ட மாதிரிதான் எடுத்தேன் சோமு. கொண்டு போ லா."

வீட்டில் உட்கார்ந்து, அடிக்கோல் வைத்து, அந்தக் கட்டப் படத்தின் மேலேயே ஒவ்வொரு கோட்டையும் கறுப்பு மையால் நேராக்கினேன். இரண்டு மணி நேரம். ஒரு பிசிறு இல்லை.

நவமணி வந்து பார்த்தாள்.

"யாருண்ணே இதப் பண்ணது?"

"நான்தான். பாய் கோணலா எடுத்துட்டாரு."

"கோணல் எவ்வளவுன்னு பாக்கத்தானே எடுத்தது! கண்ணாடி எங்க எவ்வளவு வளைக்குதோ, அவ்வளவு கப்பலைத் திருப்பி நிமித்தணும். இப்ப எதை வச்சு நிமித்துவேன்?"

"தொடச்சா..."

"மைண்ணே!"

அனுப்ப ஆறு நாள்தான் இருந்தது. மறுநாள் காலை படக்கடையில் நின்றேன்.

"பாய், அந்தக் கட்டம் இன்னொண்ணு கழுவித் தாங்களேன்."

"ஏன், என் இடுப்பு சரியாயிடுச்சா?"

கடையில் நாலு பேர் இருந்தார்கள். நடந்ததை முழுக்கச் சொல்ல வைத்தபிறகே உள்ளே போனார். மாலையில் பெரிதாகவே போட்டுக் கொடுத்தார்.

"தங்கச்சி கையில குடு. நீ உறையப் பிரிக்காதே."

பிரிக்கவில்லை.

நவமணி கட்டம் கட்டமாகக் கணக்குப் பார்த்து வரைந்தாள். ஐந்தாம் நாள் தாளை என் முன் வைத்து, "அளந்து பாருங்கண்ணே" என்றாள். இரண்டு இறக்கையும் ஒரே நீளம். ஏதாவது தப்பு கிடைக்குமா என்று மூன்று முறை அளந்தேன். கிடைக்கவில்லை. நானே தபாலில் சேர்த்தேன்.

அக்டோபரில் கடிதம் வந்தது. அவள் வரைபடத்தின்படியே கப்பலைச் செய்கிறார்களாம். திரையில் வளைந்த படத்தை எப்படி நிமிர்த்தினீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள். இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினாள். வாங்கிப் படித்தேன். அதில் என் பெயர் எங்கும் இல்லை. அது அவளுடைய நல்ல மனசு.