பட்டாளத்துத் தளத்தில் காய்ந்த நெல்

கடலூர் கடற்கரையில் கடல் காவலுக்குப் புதுக் கட்டடம் எழும்புகிறது. ஈரச் சிமெண்ட் வாசனை வந்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையின்போது, பட்டாளத்து விமானம் இறங்க எங்கள் ஊரில் தளம் போட்ட கூலிகளில் அவரும் ஒருவர். சண்டை முடிந்து பட்டாளம் போனதும் தளம் சும்மா கிடந்தது. அந்த வருஷம் அறுத்த நெல் மழையில் நனைந்து முளைக்கப் பார்த்தது. வெயில் வந்ததும் அம்மா அதைத் தளத்தில் கொட்டிப் பரப்பினாள்.

தளத்துக் காவல்காரர் ஓடிவந்தார்.

"யாரு இங்க நெல்லு கொட்டுனது?"

அப்பா என் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"இவுருதான் இந்தத் தளத்தப் போட்டாரு. கெட்டியா இருக்கான்னு பாக்குறோம்," என்றாள் அம்மா.

காவல்காரர் சிரித்துவிட்டார். "எனக்கும் ஒரு மூல வுடுக்கா. எங்கூட்டு நெல்லும் நனைஞ்சிதான் கெடக்கு."

சாயங்காலத்துக்குள் நெல் கலகலவென்று காய்ந்துவிட்டது.

இந்தக் கட்டடத்து மாடியில் வெயில் நன்றாக விழுமா என்று மேஸ்திரியிடம் கேட்க வாயெடுத்தேன். கூச்சத்தில் கேட்காமலே வந்துவிட்டேன்.