பாப்பாவை வைத்த இடம்

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படித்தபோது, எங்கள் உத்திரமேரூர் ஏரிக்கரையையே அளந்து வரையச் சொல்லி வகுப்போடு அனுப்பினார்கள். டேப் இழுக்க வழியில்லை என்று கூடப் படித்தவன் ஒரு வேலிகாத்தான் கிளையை வெட்டினான். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடி ஏழு வயதாகிவிட்டது.

பிறந்த ஒன்பதாம் நாள் தங்கை செத்துப்போனாள். புதைக்கிற இடத்துக்குப் பொம்பளை வரக்கூடாது என்று அம்மாவை வீட்டிலேயே நிறுத்தினார்கள். என்ன இழவு வழக்கமோ! நான் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். அப்பா துரத்தவில்லை. இதே ஏரிக்கரையில் குழியை மூடி, வேலிகாத்தான் முள்ளை வெட்டி மேலே போட்டார். அவர் கையெல்லாம் ரத்தம்.

"முள்ளு எதுக்கு நைனா? பாப்பாவுக்குக் குத்தாதா?"

"நாய் தோண்டாம இருக்கத்தான். அம்மாகிட்ட எடத்த சொல்லாத. அங்கியே போய் உக்காந்துக்கும்."

சாகும்வரை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, முட்டாள்.

நான் அளக்க வந்திருப்பது தெரிந்து அம்மா கரைக்கே வந்துவிட்டாள்.

"ஏரியயே அளக்கிறியே, உன் தங்கச்சி எங்க கீறான்னு காட்டுடி."

ஏரி முழுக்க வேலிகாத்தான் மண்டிக் கிடந்தது. படத்தில் ஒவ்வொரு மரத்தையும் குறித்திருந்தேன். அந்த இடம் மட்டும் தெரியவில்லை.

ஏதோ ஒரு மேட்டைக் காட்டினேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். மண்ணை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தாள்.